நின்றதால் செத்த சர்வர்

வந்தவர் நாற்காலியில் உட்காரும் முன்பே பல்லைக் காட்டினார். சிரிக்கவில்லை, காட்டினார், அவ்வளவுதான். மேல் வரிசையும் கீழ் வரிசையும் கழுவி வைத்த பீங்கான் மாதிரி மின்னின. அப்புறம் நாக்கால் உள்ளிருந்து ஒரு தள்ளு தள்ளி, மேல் வரிசையைக் கொஞ்சம் இறக்கி, ‘டொக்’ என்று மறுபடி ஏற்றிக்கொண்டார். காலை வேளையில் பார்க்கிற காட்சியா இது!

“எல்லாம் நம்ம பட்டறையில செஞ்சது,” என்றார் பெருமையாக. “என் மச்சான் கைவேலை. கடவுள் குடுத்த பல்லுகூட இவ்வளவு கச்சிதமா உட்காராது.”

அவர் செயற்கைப் பல் செய்யும் பட்டறையின் முதலாளி. வந்திருந்தது, செத்துப்போன கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுக்கும் ஒரு மாடிக் கடைக்கு. கடையை நடத்துபவள் நாற்பதைத் தாண்டிய, குரலை உயர்த்தத் தெரியாத ஒரு பெண். அவளோடு வேலை பார்க்கும் அவள் கணவனின் தம்பி நாள் முழுக்க ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். தலை நரைத்தவர்கள்கூட அவளை அண்ணி என்றுதான் அழைத்தார்கள். அந்தத் தம்பிக்கும் அதே போல ‘கொழுந்தன்’ என்பதே பெயராக நிலைத்துவிட்டது.

“என்ன பிரச்சினை?” என்றாள் அண்ணி.

“சர்வருங்க. ரெண்டு வருஷமா ராப்பகலா ஓடிக்கிட்டு இருந்த மெஷின். ஞாயித்துக்கிழமை வயரிங் மாத்தணும், கரண்ட் இருக்காதுன்னு கட்டடத்துக்காரங்க முன்கூட்டியே சொல்லியிருந்தாங்க. அதனால சனிக்கிழமை சாயங்காலம் எங்க ஆப்பரேட்டர் பொண்ணு மெஷினை நிறுத்தினா. திங்கட்கிழமை போட்டா எழுந்திரிக்கவே இல்ல. ஒரு ரிப்பேர்காரன் வந்து பார்த்துட்டு போர்டு போச்சுன்னுட்டான். இன்னிக்கு செவ்வாய். பட்டறையே கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நோயாளிங்க வாய் அளவு, பல் வடிவம் எல்லாம் அதுக்குள்ளதான்.”

“சரி, வந்து பார்க்கறேன்.”

“பாருங்க. ஆனா…” முதலாளி குரலைத் தாழ்த்தினார். மூலையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த கொழுந்தன் காதைத் தீட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். “மெஷின் பிழைக்கலைன்னாலும் பரவாயில்லீங்க. எங்க பெரிய கஸ்டமர் ஒரு பல் டாக்டரம்மா, மத்தியானம் வராங்க. பயங்கரக் கோவத்துல இருக்காங்க. அவங்க முன்னாடி, ‘அந்தப் பொண்ணு தப்பா நிறுத்தினதாலதான் போச்சு’ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். அவளை வேலையை விட்டு அனுப்பிட்டேன்னு சொல்லி நான் சமாளிச்சுக்குவேன்.”

“அவதான் கெடுத்தான்னு எப்படித் தெரியும்?”

“ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவ நிறுத்தினா. செத்துப்போச்சு. இதுக்கு மேல என்ன வேணும்? மச்சானும் அதைத்தான் சொல்றாரு.” டொக்.

மெஷினைப் பிழைக்க வைக்க வந்தவன் மாதிரி வந்து, ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுக்க ஆள் பிடிக்கிறான் மனிதன்! கொழுந்தனுக்குச் சீ என்று இருந்தது. அண்ணியின் முகத்தில் மட்டும் எதுவும் தெரியவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அண்ணி, இவர் மூஞ்சியே சரியில்ல,” என்று படியிறங்கும்போது கொழுந்தன் கிசுகிசுத்தார்.

“மூஞ்சியை வெச்சு முடிவு பண்ணாதீங்க தம்பி. அதுல இருக்கற பல்லுகூட அவரோடது இல்ல,” என்றாள் அண்ணி.

பல் பட்டறை என்றால் ஏதோ ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரும் உள்ளே போகாதீர்கள். வாசலிலேயே ஒரு வாளி. அதில் யார் யாருடைய வாயிலோ அளவெடுத்த அச்சுகள் ஊறிக்கொண்டிருந்தன. தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி என்னவோ மிதந்தது. உள்ளே எங்கு பார்த்தாலும் சுண்ணாம்பு வெள்ளையில் பிளாஸ்டர் தூள். மேஜையில், ஜன்னலில், வேலை செய்பவர்களின் புருவத்தில். ஒரு கிண்ணம் நிறையக் கடைவாய்ப் பல், பக்கத்திலேயே யாரோ பாதி குடித்து வைத்த தேநீர். கொழுந்தன் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு மேஜையிலும் சின்ன ஸ்பிரிட் விளக்கு ஒன்று எரிந்தது. ஈறு நிறத்தில் இருக்கும் மெழுகுத் தகட்டை அந்தச் சுடரில் காட்டி, இளக்கி, வளைத்து, அதில் பல்லைப் பதிக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் ஓடிய ஒரே வேலை அதுதான்.

ஒரு மேஜையில் மட்டும் விளக்கு இல்லை. அந்த மேஜையில் தூளும் இல்லை. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஈரக் காகிதத் துண்டுகள் வைத்த டப்பா. ஒவ்வொரு தடவை எதையாவது தொட்டதும் ஒரு துண்டை உருவி விரல் விரலாகத் துடைத்தார். எலுமிச்சை வாசனை அடித்தது.

“இவர்தான் என் மச்சான். மெழுகு மாஸ்டர். பட்டறைக்கு மேனேஜரும் இவர்தான்,” என்றார் முதலாளி. “முதல்ல மெழுகுல பல்லைப் பதிச்சு நோயாளி வாயில வெச்சுப் பார்ப்போம். சரியா இருந்தாதான் நிரந்தரமா செய்வோம். எனக்கும் அப்படித்தான் ரெண்டு மூணு தடவை வெச்சுப் பார்த்தாரு.”

“சுத்தம்தான் முக்கியம்,” என்றார் மாஸ்டர். “வாய்க்குள்ள போற பொருள் பாருங்க.”

“உங்களுக்கு விளக்கு வேண்டாமா?” என்று கேட்டாள் அண்ணி.

“ஸ்பிரிட் வாடை எனக்கு ஆகாதும்மா. தலைவலி வந்துடும். எப்பவுமே வெச்சுக்கறதில்ல.”

அவர் முன்னால் ஒரு கோப்பையில் வெந்நீர் இருந்தது. அதில் முக்கியெடுத்த மெழுகுத் தகட்டை வளைத்தார். அது ‘படக்’ என்று இரண்டாக ஒடிந்தது. எரிச்சலோடு குப்பையில் போட்டுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார். பின்னால் இருந்த இளைத்த ஆள் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், “மாஸ்டருக்கு மெழுகு ஒடிஞ்சு நேத்துலேர்ந்துதான்டா பார்க்கறேன்,” என்றான்.

ஆப்பரேட்டர் சுவரோரம் தன் மேஜைக்கு முன் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். அழுது முடித்து, முகம் கழுவி, மறுபடி அழுத முகம்.

“இங்க இருந்துதான் அண்ணி நிறுத்தினேன்,” என்றாள். “எல்லா ப்ரோக்ராமையும் மூடிட்டு, முறைப்படி நிறுத்திட்டு, சர்வர் அணைஞ்சுடுச்சுன்னு திரையில வந்த அப்புறம்தான் கிளம்பினேன். அந்த ரூமுக்குள்ள நான் போனதே இல்ல. தூசி போயிடும்னு பூட்டியே வெச்சிருப்பாங்க. சாவி மாஸ்டர்கிட்ட.”

“மாஸ்டர் போவாரா?”

“நானா?” என்று தூரத்திலிருந்தே முகத்தைச் சுளித்தார் மாஸ்டர். “அந்தக் குப்பைக்குள்ளயா? யாரும் போறதில்லம்மா. ஏசிகூட ரிப்பேர் ஆகி மாசக்கணக்காச்சு. எலக்ட்ரீஷியனுக்கும் ரிப்பேர்காரனுக்கும் கதவைத் திறந்து விட்டேன், அவ்வளவுதான்.”

ஆப்பரேட்டர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நேத்து எல்லாரையும் நிக்க வெச்சு, பட்டறையை நாசம் பண்ணினது நான்தான்னு முதலாளி சொன்னாரு. இந்த ஊர்ல மொத்தமே மூணு பட்டறை. மூணு முதலாளியும் சொந்தக்காரங்க. இங்க பேரு கெட்டா வேற எங்கயும் வாசப்படி மிதிக்க விடமாட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்காரு. நான் போனா அடுப்பு எரியாது அண்ணி.”

“அழாதீங்க. முதல்ல மெஷினைப் பார்ப்போம்,” என்றாள் அண்ணி.

சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் கொழுந்தன் ஒரு அடி பின்வாங்கினார். நாற்றம் ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம். பழைய பிளாஸ்டர் தாடைகள் சுவர் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. நூற்றுக்கணக்கான வாய்கள் பிளந்தபடி, இடுக்குகளில் எலிப் புழுக்கையும் கரப்பான் இறக்கையுமாக. தரையில் வெள்ளைத் தூள் விரல் கனத்துக்குப் படிந்திருந்தது.

“அம்மாடி, பிணவறை மாதிரி குளிருது,” என்று கொழுந்தன் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

“ஆமா,” என்றாள் அண்ணி. “தம்பி, தரையைப் பாருங்க.”

தூளில் புதிதாக இரண்டு மூன்று பேரின் செருப்புத் தடம் இருந்தது. ஆனால் அதற்கு அடியில், கதவிலிருந்து மெஷின் வரைக்கும், வயல் வரப்பு மாதிரி ஒரு பாதை தேய்ந்து தரை பளபளத்தது.

மெஷின் மூலையில் முழங்கால் உயரத்துக்கு நின்றது. தலையில் கம்பி வலை. அதன் அடியில் இருக்கும் ஃபேன் சூட்டை மேலே தள்ளும். மெஷினின் உடம்பெல்லாம் தூள். தலை மட்டும் சுத்தமாகத் துடைத்து விட்டது போல இருந்தது.

அண்ணி பட்டனை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. வேறு சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் மூன்று முறை ‘பீப்’ என்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடி அழுத்தினாள். அதே கதை.

“எனக்குப் புரிஞ்சுபோச்சு!” என்றார் கொழுந்தன். “எலக்ட்ரீஷியன் வயரை மாத்திக் குடுத்திருக்கான். ஹை வோல்டேஜ். போர்டு காலி.”

“போர்டு காலின்னா யாரு கத்தறது?”

“அப்ப வைரஸ். அடுத்த பட்டறைக்காரன் சதி.”

“வைரஸ் வந்தா மெஷின் எழுந்த அப்புறம் தடுமாறும். இது எழுந்திரிக்கவே பயப்படுது.” அண்ணி மெஷினின் வயிற்றைத் திறந்து, தகவல் சேமித்திருக்கும் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “எல்லாம் பத்திரமா இருக்கு. பாதியில பிடுங்கின மெஷின் இல்ல இது. படுக்கப் போற முன்னாடி எல்லாத்தையும் மூடி வெச்சுட்டுப் படுத்திருக்கு. அந்தப் பொண்ணு சொன்னது நிஜம்.”

பிறகு டார்ச்சை எடுத்துத் தலையிலிருந்த கம்பி வலைக்குள் அடித்தாள். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் உள்ளே எதையோ நெம்பினாள். “ம்,” என்றாள். அந்த ‘ம்’ வந்தால் பாதி வழக்கு முடிந்தது என்று கொழுந்தனுக்குத் தெரியும்.

“தம்பி, மெஷின் பக்கத்துல இருக்கற அந்தக் குப்பைக் கூடையைக் கொஞ்சம் பாருங்க.”

“நானா?”

“துப்பறியணும்னு எப்பவும் ஆசைப்படுவீங்களே.”

கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். முதலில் வந்தது காய்ந்து விறைத்த ஒரு பல்லி. “அய்ய! தூ!” என்று உதறினார். இரண்டாவது முறை வந்தது கசங்கிய ஈரக் காகிதத் துண்டுகள். நடுவில் ஈறு நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை. முகர்ந்து பார்த்துவிட்டு அண்ணியைப் பார்த்தார். எலுமிச்சை.

“எடுத்து வெச்சுக்குங்க,” என்றாள் அண்ணி.

நடையில் எலக்ட்ரீஷியன் ஏணி மேல் நின்று கடைசி மூடிகளைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை இந்த ரூம்ல என்ன வேலை பார்த்தீங்க?”

“லைன் மாத்தினேன்மா. முடிச்சுட்டு எல்லா சுவிட்சையும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் வேலை செஞ்சுது. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்.”

“எல்லா சுவிட்சும்னா, எல்லாமேவா?”

“ஒண்ணு விடாம. அதுதானே வேலை?”

அண்ணி கொழுந்தனிடம் திரும்பினாள். “கீழ பியூட்டி பார்லர்ல ஒரு ஹேர் டிரையர் கேட்டு வாங்கிட்டு வாங்க. டாக்டரம்மா வர்ற நேரமாச்சு.”

பல் டாக்டர் வந்தபோது காலடிச் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. “எத்தனை பேரு வாயைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க தெரியுமா உங்களுக்கு?” என்று வாசலிலேயே ஆரம்பித்தார். முதலாளி நெளிந்தார். ஆட்களை எல்லாம் சர்வர் அறை வாசலில் கூட்டி வைத்தார். நேற்று அந்தப் பெண்ணைத் திட்டியதற்கு எப்படிக் கூட்டினாரோ அதே மாதிரி. ஆப்பரேட்டர் ஓரமாக, தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். மாஸ்டர் கைகட்டி நின்றார்.

“இவங்கதான் டாக்டர் நான் சொன்ன அண்ணி,” என்றார் முதலாளி. “மெஷின் எதனால போச்சுன்னு இவங்களே சொல்லுவாங்க. சொல்லுங்க அண்ணி.”

“சொல்றேன்,” என்றாள் அண்ணி. “ஓடறப்ப கெட்டுப்போற மெஷின் உண்டு. இது ஓடறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. நின்னதாலதான் கெட்டுச்சு.”

“பார்த்தீங்களா! நிறுத்தினது இவ!” என்றார் முதலாளி.

“முறையாத்தான் நிறுத்தினாங்க. அதை டிஸ்க்கே சொல்லுது, நீங்களும் பார்க்கலாம். நான் யோசிச்சது வேற. சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவுல என்ன மாறுச்சு? மெஷின் ஆறிப்போச்சு. ரெண்டு வருஷத்துல முதல் தடவையா ஜில்லுனு ஆறிப்போச்சு. இந்த ரூமுக்குள்ள வந்ததும் என் கொழுந்தனாருக்குக் குளிரெடுத்துச்சு. மாசக்கணக்கா ரிப்பேர்னு சொன்ன ஏசி எப்படிக் குளிரும்?”

எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்தே எட்டிப் பார்த்தார். “அது ரிப்பேர்னு யாரு சொன்னது? சுவிட்ச் அணைச்சு இருந்துச்சு. போட்டேன், ஜம்முனு ஓடுச்சு.”

“ரிப்பேர்னு சொன்னது யாருங்க?” என்று முதலாளியைக் கேட்டாள் அண்ணி.

முதலாளி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஒரு ஈரக் காகிதத்தை உருவினார்.

“யாரோ ஒருத்தருக்கு இந்த ரூம் சூடா இருக்க வேண்டியிருந்துச்சு. யாரும் போகாத ரூம்னீங்க. தரையில பாதை தேஞ்சு கிடக்கு. தினமும் வந்துபோன கால். மெஷின் உடம்பெல்லாம் தூசி, தலை மட்டும் சுத்தம். ஏன்னா அங்க ஏதோ ஒண்ணு எப்பவும் உட்கார்ந்திருந்துச்சு. அண்ணே, ஞாயித்துக்கிழமை இது மேல என்ன இருந்துச்சு?”

“ஒரு தட்டும்மா. துணி போட்டு மூடி வெச்சிருந்துச்சு. யாரோ சாப்பாட்டைச் சூடா வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன்.”

“சாப்பாடு இல்ல,” என்றாள் அண்ணி. “தம்பி, டிரையரைக் குடுங்க.”

அவள் நான்கு திருகாணிகளைக் கழற்றிக் கம்பி வலையை எடுத்தாள். அதன் கீழ் இருந்த ஃபேனை வெளியே உருவி எல்லோரும் பார்க்கும்படி பிடித்தாள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபேன் இறக்கைகளுக்கு நடுவில் ஈறு நிறத்தில் ஒரு கட்டி. அதற்குள் பிளாஸ்டர் தூள், தலைமுடி, எலிப் புழுக்கை, ஒரு கரப்பானின் பாதி உடம்பு. ஈறில் மயிர் முளைத்தது மாதிரி இருந்தது அந்தக் கண்றாவி.

“மெழுகு,” என்றார் பல் டாக்டர் மெதுவாக.

“மெழுகுதான். இளகட்டும்னு இது மேல வெச்ச தட்டு சூடு போற வழியை அடைச்சுது. சூடு ஏற ஏற மெழுகு விளிம்புல உருகிச் சொட்டுச்சு. ஃபேன் சுத்திக்கிட்டு இருந்த வரைக்கும், சூடா இருந்த வரைக்கும், அது குழம்பாவே இருந்துச்சு. யாருக்கும் தெரியல. சனிக்கிழமை ஃபேன் நின்னுச்சு. ஞாயித்துக்கிழமை ஏசி ஓட ஆரம்பிச்சுது. மெழுகு கல்லா உறைஞ்சு ஃபேனைப் பிடிச்சுக்கிச்சு. ஃபேன் சுத்தலைன்னா எரிஞ்சுபோயிடுவோம்னு தெரிஞ்சு மெஷின் தானே அணைஞ்சுக்குது. அதுக்குத்தான் அந்த மூணு பீப். அதுக்கு இருக்கற புத்தி இங்க சில பேருக்கு இல்ல.”

டிரையர் உறுமியது. கொஞ்ச நேரத்தில் கட்டி பளபளத்து, வழுக்கி, சொத்தென்று தரையில் விழுந்தது. ஒரு நாற்றம் கிளம்பியது, அப்பப்பா! அண்ணி துணியால் துடைத்து, ஃபேனையும் டிஸ்க்கையும் அதனதன் இடத்தில் மாட்டினாள். பட்டனை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. ஃபேன் முதலில் இழுத்து இழுத்து, பிறகு ஒரே சீராக இரைந்தது. மூன்று பீப் வரவில்லை. வெளியே ஆப்பரேட்டரின் மேஜையில் திரை வெளுத்தது. யாரோ கைதட்டினார்கள்.

“விளக்கு இல்லாம மெழுகு இளக்கறவர் இந்தப் பட்டறையில ஒருத்தர்தான்,” என்றாள் அண்ணி, சத்தத்தை உயர்த்தாமலே. “ரெண்டு நாளா அவருக்கு மெழுகு ஒடியுது. வெந்நீரை வெச்சுக்கிட்டு அல்லாடறாரு. திங்கட்கிழமை காலையில மெஷின் எழுந்திரிக்கலைன்னதும் தட்டைத் தூக்கிட்டு, மேல ஒட்டினதைத் துடைச்சிருக்காரு. அழுக்குத் துண்டைக் கோட்டுப் பையில வெச்சுக்க மனசு வரல. பக்கத்துக் கூடையிலயே போட்டுட்டாரு.”

கொழுந்தன் அந்தத் துண்டுகளை நீட்டினார். இந்தத் தருணத்துக்காகவே அந்தப் பல்லியையும் பொறுத்துக்கொண்டார் போலிருந்தது.

மாஸ்டரின் முகம் சிவந்தது. “மெழுகு இளகணும், வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ஸ்பிரிட் எனக்கு ஆகாது. இப்படி ஆகும்னு கனவா கண்டேன்? வேணும்னே செய்யலையே!”

“வேணும்னே செய்யல, ஒத்துக்கறேன். மெழுகு வெச்சது புத்தி கெட்ட வேலை. தட்டை ஒளிச்சுட்டு, ‘இந்தப் பொண்ணுதான் கெடுத்தா’ன்னு முதலாளி காதுல ஓதினீங்களே, அதை வேணும்னேதானே செஞ்சீங்க? நாள் முழுக்கக் கையைத் துடைக்கறீங்க. அது போகுதா பாருங்க.”

பல் டாக்டர் தரையில் கிடந்த கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம்,” என்றார். “எலியும் கரப்பானும் ஓடற இந்த இடத்துல இருந்த மெழுகுலதான் நீங்க ட்ரையல் பல் செஞ்சு அனுப்பினீங்களா? நான் அதை என் கையால நோயாளிங்க வாயில வெச்சிருக்கேன். வாசனையே ஒரு மாதிரியா இருக்குன்னு ஒரு அம்மா சொன்னாங்க. நான் அவங்களைத்தான் கடிஞ்சுக்கிட்டேன்.” அவர் மாஸ்டரை நோக்கி விரலை நீட்டினார். “இந்த ஆள் கை பட்ட ஒரு பல்லும் இனிமே என் க்ளினிக்குக்கு வரக் கூடாது. வந்தா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

அப்போதுதான் முதலாளிக்கு உறைத்தது. அவருடைய நாக்கு உள்ளே மெதுவாக மேல் வரிசையைத் தடவியது. கன்னம் குழிந்தது. கண் பிதுங்கியது. இரண்டு மூன்று தடவை வெச்சுப் பார்த்தாரே, மச்சான் கையாலேயே வெச்சுப் பார்த்தாரே! ‘உவ்வே’ என்று குனிந்தவர் மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் உள்ளங்கையில் துப்பிக்கொண்டார். எச்சில் நூலாகத் தொங்கியது. பட்டறைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வாயில் வேலை பார்த்தவர்களுக்கே சகிக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? கைக்குட்டையில் பல்லைச் சுருட்டிக்கொண்டு, குழிந்த வாயால் அண்ணியிடம், “இதைப் பெருதா பண்ண வேணாம். மெதின் பழதாயிதுத்துன்னு தொல்லிக்கலாம். குதும்ப வித்யம்,” என்றார்.

அண்ணி பையை மூடிக்கொண்டிருந்தாள். பதில் வேறொரு இடத்திலிருந்து வந்தது.

“சார்,” என்றாள் ஆப்பரேட்டர். தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் மேஜை மேல் வைத்துவிட்டு முன்னால் வந்தாள். “நேத்து இதே இடத்துல, இவங்க எல்லாரையும் நிக்க வெச்சு, நான்தான் நாசம் பண்ணினேன்னு சொன்னீங்க. மெஷின் பழசுன்னு அப்ப சொல்லல. இப்பவும் எல்லாரும் நிக்கறாங்க. டாக்டரும் இருக்காங்க. சொல்லுங்க.”

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் காகிதத் துண்டைப் பார்த்தார். டாக்டர் முதலாளியையே பார்த்தார்.

“அவ மேழ தப்பு இழ்ழ,” என்று முனகினார் முதலாளி.

“என்ன சொன்னாரு?” என்று பின்னால் நின்ற இளைத்த ஆள் கேட்டான். நிஜமாகவே கேட்டானா, வேண்டுமென்றே கேட்டானா என்று சொல்ல முடியாது.

“எனக்கும் புரியல சார்,” என்றாள் ஆப்பரேட்டர். அவள் கண் இப்போது காய்ந்திருந்தது. “பல்லைப் போட்டுக்கிட்டுச் சொல்லுங்க.”

முதலாளி கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே இருந்ததைப் பார்த்தார். தரையில் கிடந்த கட்டியைப் பார்த்தார். “கழுவித்து வதேன்,” என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நகரப் பார்த்தார்.

“அப்படியே போடுங்க,” என்றார் பல் டாக்டர். “என் நோயாளிங்க அப்படித்தான் போட்டுக்கிட்டாங்க.”

வேறு வழியில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு மேல் வரிசையை வைத்தார், கீழ் வரிசையை வைத்தார்.

டொக்.

“அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல,” என்றார் முதலாளி, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. “தப்பு என் மச்சான் மேல. விசாரிக்காம பேசினது என் தப்பு.”

கடைசி வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார். ஆப்பரேட்டர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.